பரணில் தூங்கும் டைவ் கம்ப்யூட்டர்: பேட்டரி மாத்தினா மட்டும் போதுமா?

சேலத்திலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் குறைந்தது நாலு மணி நேரம். ஆனாலும் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வீடுகளின் பரணில் ஸ்கூபா சாமான்கள் இருக்கத்தான் செய்கின்றன. அந்தமானில் கோர்ஸ் முடித்தவர்கள், வளைகுடா வேலையில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் டைவ் போனவர்கள், புதுச்சேரியில் பழகியவர்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை, கொரோனா, ஹோம் லோன். ஏழெட்டு வருஷம் கழித்து பையைத் திறந்தால் ரப்பர் வாசனையோடு ஒரு டைவ் கம்ப்யூட்டர், ஒரு பிரஷர் கேஜ், ஒரு காம்பஸ்.

உடனே வரும் யோசனை, "பேட்டரி மாத்திட்டு கிளம்பிடலாம்." தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சியும். புதிய சாதாரண டைவ் கம்ப்யூட்டரே இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் காலம் இது. ஆனால் திரை எரிகிறது என்பதும், அது காட்டும் எண் சரி என்பதும் ஒன்றல்ல. ஓடுகிற வாட்ச் எல்லாம் சரியான நேரமா காட்டுது?

கம்ப்யூட்டருக்கு உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீரின் அழுத்தத்தையும் நேரத்தையும் அளந்து, உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான். 1908-ல் ஹால்டேன் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு அது. அழுத்தத்தை அளக்கும் சென்சார் தப்பாக அளந்தால், மேலே உள்ள கணக்கு எல்லாமே தப்பு. அதன் விலை மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம்.

சில மாடல்களில் கணக்கே தப்பாக இருந்ததும் உண்டு. உவாடெக் நிறுவனம் 1995-ல் தயாரித்த அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்களை 2003-ல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். உடலிலிருந்து நைட்ரஜன் வெளியேறும் நேரத்தை அது தவறாகக் கணக்கிடும் என்பதே காரணம். அதனால் பேட்டரி வாங்கும் முன் பண்ண வேண்டிய முதல் வேலை, மாடல் பெயரோடு 'ரீகால்' என்று போட்டு கூகுளில் தேடுவது. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்து பேட்டரி. எல்லா மாடலிலும் நாமே மாற்ற முடியாது. சிலவற்றை சர்வீஸ் சென்டரில்தான் திறக்க வேண்டும், மூடிய பிறகு அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். நாமே மாற்றும் மாடல் என்றால் பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். புது ஓ-ரிங், துளி சிலிக்கான் கிரீஸ் போதும். ஓ-ரிங் மீது ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் கத்தியால் சுரண்டி ஒப்பேற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். அது காலம் முடிந்த கருவி.

கிணறுதான் நம்ம ஊர் லேப்

ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம். தண்ணீர் நிற்கிற கிணறு ஒன்று போதும். (ஆயிரம் அடி போர் போட்டும் காத்து மட்டும் வரும் ஊரில், முப்பது அடி தண்ணீர் உள்ள கிணற்றைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய சோதனை.) நைலான் கயிறு இழுபடும், அளவு மாறும். மீட்டர் மீட்டராக அடையாளம் போட்ட, இழுபடாத கயிற்றில் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் எடையையும் கட்டி, கப்பி வழியாக மெதுவாக இறக்குங்கள். நீங்கள் இறங்க வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

தண்ணீருக்குள் 10 மீட்டர் போனால் பெரும்பாலான கருவிகள் 9.7 அல்லது 9.8 என்று பதிவு செய்யும். பயப்படாதீர்கள். கடல் நீர் கனமானது, கருவி அதற்கேற்ப அளவு செய்யப்பட்டது. நன்னீர் செட்டிங் இருந்தால் 10-ஐ ஒட்டி வரும். ஒன்பதுக்குக் கீழே காட்டினால்தான் விஷயம் இருக்கிறது. உண்மை ஆழத்தைவிடக் குறைவாகக் காட்டும் கருவிதான் ஆளைச் சாய்க்கும். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திப் பாருங்கள். கடைசியில் கயிற்றைச் சரசரவென்று இழுங்கள். மேலேறும் வேகம் அதிகம் என்று அது அலாரம் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் செட்டிங்கில் அலாரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் சர்வீஸ்தான்.

இன்னொன்று, கிணற்றுக்குள் போனது நீங்கள் இல்லை என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது ஒரு டைவ். எனவே இந்தச் சோதனையைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பிரஷர் கேஜ் வேறு ரகம். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று சொல்வது அதுதான். காற்று இல்லாதபோதும் முள் பூஜ்யத்துக்கு வராமல் 20, 30 என்று நின்றால், காலி சிலிண்டரையும் காற்று இருக்கிறது என்று அது பொய் சொல்லும். கோவைப் பக்கம் தொழிற்சாலை கேஜ்களுக்கு கேலிப்ரேஷன் செய்து தரும் லேப்கள் இருக்கின்றன. கொடுக்கும்போது எண்ணெய் வைத்துச் சோதிக்க வேண்டாம், சுத்தமான வாயுவில் சோதியுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மூச்சு விடும் கருவிக்குள் எண்ணெய் போகக் கூடாது. ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். ரெகுலேட்டரை வீட்டில் பிரிக்கவே வேண்டாம், டைவ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

"நம்ம ரிக் வண்டியில கம்ப்ரசர் இருக்குதுங்க, காத்து புடிச்சுக்கலாம்" என்று திருச்செங்கோட்டு நண்பர் யாராவது சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஸ்கூபா சிலிண்டருக்கு வேண்டியது சுமார் 200 பார். ரிக் கம்ப்ரசர் தருவது அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அது கூடப் பெரிய பிரச்சினை இல்லை. அந்தக் காற்றில் எண்ணெய் ஆவியும், பக்கத்தில் ஓடும் டீசல் இன்ஜினின் கார்பன் மோனாக்சைடும் கலக்கலாம் என்பதுதான் பிரச்சினை. சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாமக்கல் கேஸ் டேங்கர்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டைவ் முடிஞ்சா நேரா ஏற்காடா?

நம்ம ஊர்க்காரர்கள் யோசிக்காத இடம் இது. விமானத்தில் ஏறும் முன் ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறது டான் அமைப்பு. அந்தப் பரிந்துரை சுமார் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான கேபின் அழுத்தத்துக்கானது. சேலம் நகரம் 280 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, புதுச்சேரியிலிருந்து ஆத்தூர் வழியாக வீடு திரும்புவது சிக்கல் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஞாயிறு காலை இரண்டு டைவ் போட்டுவிட்டு, அன்று ராத்திரியே ஏற்காட்டு ரிசார்ட்டில் செக்-இன் செய்வது, உடம்பைப் பொறுத்தவரை விமானம் ஏறுவது மாதிரிதான். கொல்லிமலையும் அப்படியே. முருடேஸ்வரில் டைவ் செய்துவிட்டு, 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரு வழியாக வருகிறவர்களுக்கும் இதே கணக்கு.

கம்ப்யூட்டர் திரையில் விமானப் படத்தின் மேல் தடைக்குறி இருந்தால், அதை மலைக்கும் சேர்த்துப் படியுங்கள்.

கடைசியாக, எட்டு வருஷம் தூங்கியது கருவி மட்டும் இல்லை. டைவ் சென்டரில் "கடைசியா எப்ப டைவ் பண்ணீங்க?" என்று கேட்டால் வருஷத்தைக் குறைக்காமல் சொல்லுங்கள். ரெஃப்ரெஷர் கொடுத்து, முதலில் ஆழம் குறைந்த இடத்தில் மாஸ்க் கழற்றி மாட்டச் சொல்வார்கள். அந்த முதல் டைவில் உங்கள் பழைய கம்ப்யூட்டரை ஒரு கையிலும், அவர்களிடம் வாடகைக்கு எடுத்ததை மறு கையிலும் கட்டிக்கொண்டு, வாடகைக் கருவி சொல்வதை மட்டும் கேளுங்கள். கரைக்கு வந்து இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பழையதை மறுபடி கையில் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணலாம்.