சிரிக்க வைக்கும் முகங்கள்



அண்மையில் ஒரு தாயார் தம் பத்து வயது மகனின் நோட்டுப்புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார். உடன் படிக்கும் பையனைப் பன்றி முகத்தோடு வரைந்து, அதை வகுப்பு முழுவதற்கும் காட்டியிருக்கிறான் மகன். அந்தப் பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. "பாஸ்டர், இனி இவனைப் படம் வரைய விடமாட்டேன்" என்று கண்ணீர் வடித்தார் தாயார்.

பென்சிலைப் பிடுங்குவது பரிகாரமாகாது. "விடுமுறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன்.

அங்கே 1784-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் எழுப்பிய தரியா தௌலத் மாளிகை காவிரிக் கரையில் இருக்கிறது. நம் காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போர் அதன் சுவரை நிரப்பி நிற்கிறது. தோற்ற கர்னல் பெய்லி பல்லக்கிலே அமர்ந்திருக்கிறார். ஐதராபாத் நிஜாமின் படை வரும் காட்சியில் பசுவும் பன்றியும் காணப்படுகின்றன. பசுவைப்போல் வந்து பன்றியைப்போல் போனார் என்று நிஜாமை ஏளனம் செய்வதே அதன் பொருள் என்பார்கள் வழிகாட்டிகள். 1850-களில் டல்ஹவுசி பிரபுவின் காலத்தில் இந்த ஓவியங்களைப் புதுப்பித்தார்கள். ஏளனமும் கூடவே புதுப்பிக்கப்பட்டது! சுவரில் எழுதிய பரிகாசம், பகைத்தவரும் பகைக்கப்பட்டவரும் மறைந்த பின்னும் மறையவில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் வேறொரு படத்தைக் காட்டுங்கள். மறுமலர்ச்சிக் காலத்தில், இத்தாலியின் மிலான் நகரத்தில் ஜுசெப்பே ஆர்ச்சிம்போல்டோ என்ற ஓவியர் இருந்தார். 1563-இல் அவர் வரைந்த 'கோடை' என்னும் படத்தில் ஒரு மனித முகம் தெரியும். உற்றுப் பார்த்தால் வெள்ளரிக்காய் மூக்காகவும், பட்டாணி பற்களாகவும், சோளக்கதிர் காதாகவும் இருக்கும். இன்னொரு படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், தோட்டக்காரரின் முகம் காய்கறி நிறைந்த கிண்ணமாகிவிடும்!

தம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபையும் அவர் விட்டுவைக்கவில்லை. ரோமரின் பருவகாலத் தெய்வத்தின் வேடத்தில், பேரிக்காய் மூக்கோடு வரைந்தார். பேரரசர் சினந்தாரா? இல்லை, 1592-இல் ஓவியருக்கு உயர்ந்த பிரபுப் பட்டம் அளித்தார். எல்லாப் பருவங்களின் விளைச்சலும் ஒரே முகத்தில் சேர்ந்திருந்தபடியால், அது அவருடைய ஆட்சியின் செழிப்புக்குப் புகழ்ச்சியாயிற்று.

இரண்டும் சிரிக்க வைக்கும் படங்களே. ஆனால் ஒன்று மனிதனைத் தாழ்த்துகிறது. மற்றொன்று அவனையும் சேர்த்துச் சிரிக்க வைக்கிறது. வரையப்பட்டவன் அந்தப் படத்தைக் கண்டு நம்மோடு சிரிப்பானா? பிள்ளை கற்கவேண்டிய அளவுகோல் இதுவே.

பயிற்சி எளியது. சமையலறையிலுள்ள காய்களைத் தட்டில் அடுக்கி ஒரு முகம் செய்யச் சொல்லுங்கள். முதலில் தன் முகத்தைச் செய்யட்டும். தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்ற பிள்ளை பிறரைப் புண்படுத்தத் தயங்கும்.

அந்த மகனும் கத்தரிக்காய் மூக்கோடு தன்னையே வரைந்து, நண்பனிடம் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டான். நண்பன் பென்சிலை வாங்கி, அந்த முகத்திற்கு இரண்டு அவரைக்காய்க் காதுகளைச் சேர்த்தானாம். அந்தப் படம் இப்பொழுது அந்தத் தாயாரின் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள பென்சிலைப் பறிக்காதிருங்கள். அதை நடத்தக் கற்றுக்கொடுங்கள்.