பணம் வந்தது... தூக்கம் போனது!

'அருணாசலம்' படம் ஞாபகம் இருக்கிறதா? 1997-ல் சுந்தர்.சி இயக்க, ரஜினி நடித்த படம். திருவண்ணாமலை சாமி பெயரையே தலைப்பாக வைத்தார்கள். 30 நாளில் 30 கோடியைச் செலவழிக்க வேண்டும். கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஜெயித்தால் 3,000 கோடி! செலவழிக்கச் செலவழிக்கப் பணம் திரும்பி வந்து நிற்க, தியேட்டரே சிரித்தது. மூலக்கதை 1902-ல் அமெரிக்காவில் வந்த 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' நாவல். நூறு வருஷத்துக்கு மேலாக உலகமே சிரித்துக் கொண்டிருக்கும் ஜோக் இது!

ஆனால் 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'த்தைப் பார்த்தவர்கள் வெறுமனே சிரித்துவிட்டு வரவில்லை. ஹோட்டல் சர்வர் நாகேஷ், சினிமா ஸ்டாராகிறார். பங்களா வருகிறது, கார் வருகிறது. ஷூட்டிங் நடக்கும்போதே பெற்ற தாய் உயிரை விடுகிறாள். மகனால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. திடீர்ப் பணத்தின் முழுக்கதை இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

"அட, பணம் வந்தா சந்தோஷம்தானே ஸார்? அதுல என்ன வியாதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல டாக்டர்கள், மனிதனை அலைக்கழிக்கும் 43 சம்பவங்களுக்கு மார்க் போட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100. கல்யாணத்துக்கு 50. பண நிலைமையில் பெரிய மாற்றத்துக்கு 38. கவனியுங்கள், நஷ்டத்துக்கு மட்டும் அல்ல. லாபத்துக்கும் அதே 38தான்! உடம்புக்கு நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்ற வித்தியாசம் சட்டென்று தெரிவதில்லை. பழகிய நேரம் மாறினால் தூக்கம் கெடும்; தூக்கம் கெட்டால் பிளட் பிரஷர் ஏறும்.

1978-ல் அமெரிக்காவில் லாட்டரியில் ஜெயித்த 22 பேரை விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை. சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் சுகம்தான் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஆனால் ஸ்வீடனில் ஏராளமான பேரை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆராய்ச்சி, பரிசு விழுந்தவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி பல வருஷம் நீடித்தது என்கிறது. ஆக, பணம் விஷம் அல்ல. அதை வீடு எப்படி வாங்கிக் கொள்கிறது என்பதில்தான் விஷயம்.

நம் ஊரில் லாட்டரி 2003-லேயே போய்விட்டது. இப்போது வருகிற பரிசு வேறு: நிலம். திருவண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டியும் செங்கம் ரோட்டிலும், மல்லாட்டை விளைந்த பூமி எல்லாம் பிளாட்டாகி விட்டது. ரெஜிஸ்டர் ஆபீஸில் ஒரு கையெழுத்து. மறுநாள் பேங்கில் லட்சங்கள். அப்புறம்?

அதிகாலையில் எழுந்து வரப்பில் நடந்தவர் இப்போது எட்டு மணிக்கு எழுகிறார். டீக்கடைக்குப் போகவும் பைக். பழைய சோறு போய் தினம் பிரியாணி. உடனே சர்க்கரை எட்டிப் பார்க்கிறது! அண்ணன் தம்பி பேச்சு நிற்கிறது. "நீ கட்டிக்கிட்டுப் போனவதானே, உனக்கு என்ன பங்கு?" என்று அக்காவைக் கேட்கிறார்கள். 2005 சட்டத் திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பதைச் சொல்வார் இல்லை. கேஸ், கோர்ட், குடி. நிலத்தை வாங்கியவர் அங்கே வீடு கட்டிப் பால் காய்ச்சி விடுவார்; விற்றவர் வீட்டில் அடுப்பு இரண்டாகியிருக்கும்.

கேரளத்தில் 2022 ஓணம் பம்பரில் 25 கோடி ஜெயித்தவர், சில நாளிலேயே "நிம்மதி போச்சு" என்று வெளிப்படையாகவே புலம்பினார். உதவி கேட்டு வந்த கூட்டத்தால் சொந்த வீட்டிலேயே இருக்க முடியவில்லையாம்!

ஆகவே, திடீர்ப் பணம் வந்த வீட்டை ஆபரேஷன் முடிந்த உடம்பு மாதிரி நடத்த வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்ச நாள் ஓய்வு, அளவான சாப்பாடு, பார்வையாளர்களுக்கு நேரக் கட்டுப்பாடு!

முதல் ஆறு மாதம் பணம் பேங்கில் தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கள். கார், கல்யாண மண்டபம், சீட்டுக் கம்பெனி எல்லாம் அப்புறம். எவ்வளவு வந்தது என்பதை வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே தொகையாகச் சொல்லுங்கள். மறைத்த ஆயிரம்தான் பின்னால் லட்சம் ரூபாய்ச் சண்டையாகும். பெண்பிள்ளைகளின் பங்கை அவர்கள் கேட்கும் முன்பே பேசி முடியுங்கள். சம்சாரம் பெயரும் பாஸ்புக்கில் இருக்கட்டும்.

எழுகிற நேரம், நடக்கிற தூரம், சாப்பிடுகிற அளவு, மூன்றையும் மாற்றாதீர்கள். பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, குடி கூடுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது என்றால் டாக்டரிடம் போவதில் வெட்கமில்லை. அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம், கட்டணம் கிடையாது.

திருவண்ணாமலையில் செல்வம் வேண்டிக் குபேர லிங்கத்தில் கூட்டம் அலைமோதும். வேண்டுங்கள், தப்பே இல்லை. ஆனால் எட்டு லிங்கங்களில் குபேரர் ஏழாவதுதான். 14 கிலோமீட்டர் நடை அங்கே முடிந்துவிடுவதில்லை. ஈசான்யத்தையும் கும்பிட்டு, கூட வந்தவர்களையும் சேர்த்துக் கொண்டு வீடு திரும்ப வேண்டும். கால் வலிக்கிறது என்று யாரையும் நடுவழியில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்!