சாதி ஒரு மொழியன்று

புதிய சபைகளை நாட்டுவது பற்றியும் அவற்றுக்குத் தலைவர்களை உருவாக்குவது பற்றியும் பேசுவோர் பலர், அறிந்தோ அறியாமலோ, டொனால்டு மெக்காவ்ரனின் குரலில்தான் பேசுகின்றனர். 1897இல் இந்தியாவின் தாமோ நகரில் பிறந்த இந்த அமெரிக்க மிஷனரி, சபை வளர்ச்சி குறித்து 1970இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த வாதம் இது: இனம், மொழி, வர்க்கம் ஆகிய எல்லைகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக மக்கள் விரும்புகின்றனர். இந்தியாவுக்கு வரும்போது அந்த எல்லைகளுள் சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சபை, அக்குழுவிலிருந்தே ஒரு தலைவர் என்பது அதன் நடைமுறை வடிவம்.

தில்லியில் இவ்வாதம் எளிதில் செல்லுபடியாகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, மிசோ என மொழிவாரியாக வழிபாடு நடக்கும் நகரம் இது. தாய்மொழியில் மன்றாட விரும்புவதில் பிழையில்லை. பிழை மொழியையும் சாதியையும் ஒரே வரிசையில் வைப்பதில் உள்ளது. தெரியாத மொழியைக் கற்கலாம். தில்லியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாக இரண்டைப் பேசுகிறது. சாதியில் அத்தகைய இருமை வாய்ப்பதில்லை. மொழியின் எல்லை பேச்சு விளங்காமையால் எழுவது. சாதியின் எல்லையோ ஒரே பேச்சு முழுமையாக விளங்கும் இருவருக்கிடையே எழுப்பப்படுவது. 'யோசுவா திட்டம்' என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் தமிழ்ச் சாதிகள் தனித்தனி 'மக்கள் குழு'க்களாக நிற்கின்றன. எந்த மொழியியலாளரும் இதை வகைப்பாடு என்று ஏற்கமாட்டார்.

தலைவரைத் தெரிவுசெய்வதில் இதன் விளைவு என்ன என்பதற்குத் தரங்கம்பாடி சான்று. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய பத்தாண்டுகளுக்குள் அங்கே உள்ளூர் ஊழியருக்கான பயிற்சிப்பள்ளி தோன்றிவிட்டது. 1733இல் புராட்டஸ்டண்டு குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஆரோன் வெள்ளாளர். தஞ்சைப் பகுதியில் ஓயாது உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். 1741இல் பட்டம் தியோகுவுக்குக் கிடைத்தது. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் உடன்படார் என்பதே தடை. அவருடைய தமிழை விளங்கிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

எல்லை தாண்டினால் சபை வளராது என்போர் தோர்ணக்கல்லை மறந்துவிடுகின்றனர். வெள்ளாளன்விளையில் பிறந்த நாடார் வே. ச. அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களுள் ஒருவர். பின்னர் தெலுங்கு கற்று அந்நாட்டுக்கே சென்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மாலா, மாதிகா சமூகத்தார் பெரும்பான்மையாக இருந்த கிராமச் சபைகளுக்கு உள்ளூர் ஊழியரைப் பயிற்றுவித்தார். அவர்தம் மனைவியருக்கும் பயிற்சி அளித்தார். அச்சபை பல்கிப் பெருகியது. தில்லிக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1906இல் புனித ஸ்தேவான் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான சுசீல் குமார் ருத்ரா வங்காளி. அவரே வேண்டும் என்று ஆங்கிலேயரான ஆண்ட்ரூஸ் வாதாடினார்.

மெக்காவ்ரனின் விதியைப் பின்பற்றியிருந்தால் ராஜநாயக்கனுக்கு நிச்சயம் பட்டம் கிடைத்திருக்கும் என்று அதன் ஆதரவாளர் கூறக்கூடும். கிடைத்திருக்கும்தான், பறையர் சபை ஒன்றுக்கு மட்டும். வெள்ளாளர் அவர் கையை ஏறிட்டும் பார்க்க வேண்டியிருந்திராது.