ஃபைன்னா எவ்வளவுடா கட்டணும்?

வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடிச்சு வெச்சு விசாரிக்கிற நம்ம பகுதியில், இந்த வாரம் மாட்டியிருப்பவர் மிஸ்டர் 'ஃபைன்'. "இது எல்.கே.ஜி. வார்த்தையாச்சே... இதுல என்ன இருக்கு?" என்கிறீர்களா? அவசரப்படாதீங்க. இந்த ஒரு வார்த்தையால் ஒரு இன்டர்ன்ஷிப்பையே கோட்டை விட்டவன் சொல்றேன், கேளுங்க.

முதல்ல எங்க அப்பத்தா கதை. நமக்கு ஊர் கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு பக்கம், மலை அடிவாரம். போன லீவில் திண்ணையில் உட்கார்ந்து சீனியர் ஒருத்தரோட போனில் கதைச்சுக்கிட்டிருந்தேன். "ஐ ஆம் ஃபைன்ணா... எவ்ரிதிங் ஃபைன்" என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். பக்கத்தில் புளி ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அப்பத்தா முகம் வாடிப்போச்சு. போனை வெச்சதும் கேட்டாங்க:

"யய்யா, காலேஜுல ஃபைன் போட்டுட்டாங்களா? எவ்வளவுடா கட்டணும்?"

விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா அப்பத்தா மேல தப்பே இல்லை. ஹெல்மெட் போடலைன்னா ஃபைன், கரண்ட் பில் தேதி தாண்டினா ஃபைன். எங்க ஊருக்குள்ள இந்த வார்த்தை நுழைஞ்சதே அபராதமாத்தான்! 'நல்லாயிருக்கேன்' என்ற அர்த்தம் எங்களுக்கு ஸ்கூல் புத்தகத்தில் பின்னாடி வந்தது.

அப்பாவோட ஃபைன்

எங்க வீட்டில் மூணாவதா ஒரு ஃபைனும் உண்டு. அப்பா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதிலிருந்து அந்த ஊருக்கும் நூலுக்கும் பிரிக்க முடியாத பந்தம். அங்கே 'ஃபைன்' என்றால் நைஸான நூல். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூலில் இப்படி எத்தனை சிட்டம் வருதோ, அதுதான் அந்த நூலோட கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல்னா ஒரு பவுண்டில் 40 சிட்டம், நூறாம் நம்பர்னா 100 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் ஃபைன்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, 84,000 கஜம். கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு பஸ் ஏறினால், ஏறக்குறைய மதுரை வரைக்கும் இழுத்துக்கிட்டே போகலாம். அதுதான் ஃபைன்!

அபராதம், நல்லாயிருக்கேன், நைஸு... மூணுக்கும் என்ன சொந்தம்? தாத்தா ஒருத்தர்தான். லத்தீனில் 'ஃபினிஸ்' என்றால் முடிவு. வழக்கை முடிச்சு விடுறதுக்காகக் கட்டின பணம் ஃபைன் ஆச்சு. குறையில்லாமல் முழுசா முடிச்ச பொருளும் ஃபைன் ஆச்சு. ஃபினிஷ், ஃபைனல், ரிஃபைன், ஃபைனான்ஸ் எல்லாமே அதே வீட்டுப் பிள்ளைங்கதான்.

நான் கோட்டை விட்ட கதை

இப்போ மெயின் மேட்டர். போன செமஸ்டரில் ஒரு கம்பெனியில் ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூ. டாலரன்ஸுக்கும் அலவன்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டார் அந்த சார். மெக்கானிக்கல் பையனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா பதற்றத்தில் ரெண்டையும் மாத்தி உளறிட்டேன். பாவம், நல்ல மனுஷர். சிரிச்சுக்கிட்டே, "வுட் யூ லைக் டு ட்ரை தட் அகெய்ன்?" என்றார்.

நான் பளிச்சுனு, "ஐ ஆம் ஃபைன், சார்!" என்றேன்.

என் மனசுக்குள்ள அர்த்தம், 'ஓகே சார், சொல்றேன்'. அவர் காதில் விழுந்த அர்த்தம், 'வேண்டாம் சார், பரவாயில்லை'. தலையை ஆட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். வாய் வரைக்கும் வந்த சரியான பதிலை அப்படியே முழுங்கிட்டு உட்கார்ந்திருந்தேன். லிஸ்ட்டில் என் பேர் வரலை. அந்த ஒரு பதிலாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கையில் கொடுத்த ரெண்டாவது சான்ஸை நானே திருப்பிக் கொடுத்தது நிஜம்.

(அது கிடைக்காததால்தான் இந்தப் பக்கத்துக்கு இன்டர்னா வந்து சேர்ந்தேன். உங்க தலையெழுத்து!)

அதனால, இதை மட்டும் நல்லா மனசில் ஏத்திக்கோங்க. யாராவது ஏதாவது கொடுக்க வந்தால், அது காபியோ ரெண்டாவது சான்ஸோ, "ஐ ஆம் ஃபைன்" என்றால் 'வேண்டாம்'. வேணும்னா "யெஸ், ப்ளீஸ்". ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதம்னா "தட்ஸ் ஃபைன்". 'ஐ ஆம்' போய் 'தட்ஸ்' வந்ததும் அர்த்தமே தலைகீழ்!

இடம் மாறினா குணம் மாறும்

'த ஃபுட் இஸ் ஃபைன்' என்றால் சாப்பாடு பரவாயில்லை, ஹாஸ்டல் சாம்பார் ரேஞ்ச். 'எ ஃபைன் மீல்' என்றால் பிரமாதம், கல்யாண விருந்து ரேஞ்ச். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி உட்கார்ந்தால் பெரிய மனுஷன், பின்னாடி தள்ளினா சுமாரான ஆள்.

'ஃபைன் வெதர்' என்றால் மழையில்லாத, வெயில் அடிக்கிற நாள். நம்ம ஊரில் மேகம் கவிஞ்சு மலைக்காத்து அடிச்சாத்தான் "கிளைமேட் சூப்பர் மாப்ள!" என்போம். வெள்ளைக்காரனுக்கு அது நேர் எதிர்.

'ஃபைன் பிரிண்ட்' என்றால் பொடி எழுத்தில் இருக்கிற கண்டிஷன். எஜுகேஷன் லோன் பாரத்தில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதை ஒருதரம் படிச்சிருங்க.

சினானிம் லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணினால் இதெல்லாம் வராது. எக்ஸலன்ட், தின், ஹெல்தி, பெனால்டி எல்லாமே ஃபைனுக்கு சினானிம்தான். அதுக்காக ஃபுட்பாலில் 'ஃபைன் கிக்' கொடுக்க முடியுமா? எனக்கு உதவுற டெக்னிக் ஒண்ணு சொல்றேன்: எதிர்ச்சொல்லைத் தேடுங்க. 'ஐ ஆம் ஃபைன்' எதிரில் 'அன்வெல்'. 'ஃபைன் வெதர்' எதிரில் 'பேட்'. ஃபைன் நூலுக்கு எதிரில் 'கோர்ஸ்'. எதிராளி யாருன்னு தெரிஞ்சா, நிக்கிறது எந்த ஃபைன்னு தெரிஞ்சிடும்.

சிவில் மக்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குற மணல் ஃபைன் அக்ரிகேட், மேலே தங்குற ஜல்லி கோர்ஸ் அக்ரிகேட். அந்தக் கோர்ஸுக்கு நடுவில் 'ஓ-ஏ'. நாம படிக்கிற கோர்ஸுக்குத்தான் 'ஓ-யு'. ரெக்கார்டு நோட்டில் மாத்தி எழுதி மானத்தை வாங்காதீங்க!

அப்பத்தாவுக்குத் தெரியாததா?

'நமக்கு இங்கிலீஷ் வராதுப்பா' என்று கிராமத்திலிருந்து வர்ற நாம பயப்படுறோம். ஆனா அப்பத்தாவைக் கேளுங்க. "ஒழுங்காப் படி", "ஒரு படி அரிசி அளந்து போடு", "படியில உக்காராத", "சொன்னபடி செய்". நாலு 'படி'யிலும் அவங்க ஒரு தடவைகூடக் குழம்பினதில்லை. அவங்க எந்த லிஸ்ட்டும் படிக்கலை. பக்கத்தில் என்ன வார்த்தை நிக்குதுன்னு பார்த்தே அர்த்தம் எடுத்துக்கிறாங்க. அதே வித்தைதான் இங்கிலீஷுக்கும். நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

கடைசியா ஒண்ணு. அந்த இன்டர்வியூ முடிஞ்ச ராத்திரி அப்பா போன் பண்ணி, "என்னாச்சுப்பா?" என்றார். "ஃபைன்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எங்க மில்லுல ஃபைன் நூல்தான்டா சட்டுனு அறுந்துபோகும். நிஜமா என்னன்னு சொல்லு" என்றார். எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனசு லேசாச்சு.

ஹாஸ்டலில் நாம தினமும் அதிகமாச் சொல்ற பொய்யும் இந்த 'ஃபைன்'தான், இல்லையா? அரியர் விழுந்தாலும் ஃபைன், காய்ச்சலில் படுத்தாலும் ஃபைன். ரூம் மேட் "ஃபைன்டா" என்றால், இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க.

இந்த வார ஹோம் ஒர்க்: 'சார்ஜ்' என்ற வார்த்தையை எத்தனை அர்த்தத்தில் கேட்கிறீர்கள்? பஸ் சார்ஜிலிருந்து ஆரம்பிங்க. அடுத்த வாரம் அவரை விசாரிப்போம். வரட்டா!