எந்த ஸ்பேனர் என்று யார் முடிவு செய்வது?

மலருக்குக் கட்டுரை கேட்டதும் பலரும் கணினி, விண்வெளி, நாட்டின் எதிர்காலம் என்று எழுதப் போய்விட்டார்கள். நான் கியர் பாக்ஸில் இருக்கும் ஆயில் பிளக்கைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அதை எதைக் கொண்டு கழற்றுவது என்று நமக்குத் தெரியுமா என்பதே என் கேள்வி.

நம் செய்முறை வகுப்பில் நடப்பது என்ன? ஸ்டோரிலிருந்து ஸ்பேனர் வரும். "பத்தொன்பதைப் போடுங்கப்பா" என்று குரலும் கூடவே வரும். போடுவோம், திருப்புவோம், ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம், மார்க் விழும். சீனியர்கள் கழற்றிக் கழற்றி மாட்டிய அதே கியர் பாக்ஸ். பிளக் விரலாலேயே சுழன்று வரும். எந்தக் கருவி என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் ஒருநாளும் நம்மிடம் கொடுப்பதில்லை. வேலையில் கஷ்டமான பாதியே அதுதான் என்பேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மாமா ஒரு லோடு வண்டி வைத்து ஓட்டுகிறார். போன வருடம் கியர் ஆயில் மாற்ற ஒரு பட்டறையில் விட்டார். அங்கே முதலில் கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயில் முழுவதையும் இறக்கிவிட்டார்கள். பிறகுதான் ஆயில் ஊற்ற வேண்டிய மேல் பிளக்கைத் தொட்டார்கள். அதில் இருந்தது சதுரக் குழி. அதற்குள் பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே கொடுத்து சுத்தியலால் தட்ட, நான்கு மூலையும் மழுங்கிப் போயின. இறக்கிய ஆயிலை ஊற்ற வழியில்லை, ஊற்றாமல் வண்டியை நகர்த்தவும் முடியாது. நாலு நாள் வண்டி நின்றது, நாலு நாள் வாடகை போச்சு. கடைசியில் பிளக்கின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்த நட்டைப் பிடித்துத் திருப்பி எடுத்தார்கள். "நீ இதைத்தானே படிக்கிறே மாப்ளே, எதனால இப்படி ஆச்சு?" என்று மாமா கேட்டார். என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தப் பதில் நம் வகுப்பில் கிடைத்ததல்ல. விடுமுறையில் நான் வேலைக்குப் போன ஷெட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

அவர் கற்பித்த முதல் பாடம்: எந்த வண்டியானாலும் மேல் பிளக் அசைகிறதா என்று பார்த்த பிறகே கீழ்ப் பிளக்கில் கை வை. இரண்டாவது பாடம், ஸ்பேனரைத் தேடும் முன் பிளக்கைத் துடை. மண்ணும் பழைய கிரீஸும் அடைத்த குழிக்குள் எந்தக் கீயும் முழுசாக இறங்காது. நுனியில் மட்டும் பிடித்தால் மூலை மழுங்கத்தான் செய்யும். ஒரு ஊசியோ கம்பியோ கொண்டு சுரண்டி எடுக்க ரெண்டு நிமிடம் போதும்.

வெளியே நீட்டிய அறுகோணத் தலை என்றால் ஓப்பன் ஸ்பேனர் கூடாது. அது இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் தலையை ஆறு பக்கமும் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் மூலைக்கு அருகே அழுத்துவதால், ஏற்கெனவே தேய்ந்த தலைக்கு அது ஆகாது. அங்குல ஸ்பேனரும் ஏமாற்றும். 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ., ஆகவே 19-க்குச் சரியாகவே உட்காரும். அதை நம்பி 17 மி.மீ. தலையில் 11/16 அங்குலத்தைப் போட்டால் அது 17.46 மி.மீ.! கிட்டத்தட்ட அரை மில்லி ஆட்டம். அதன்மேல் 30 செ.மீ. கைப்பிடிக்கு 60 செ.மீ. பைப் மாட்டி அதே பலத்தோடு இழுத்தால் திருப்புவிசை இரட்டிப்பாகிறது. பிளக்கின் மூலை தாங்கும் அழுத்தமும் அதே அளவு கூடுகிறது. பலம் போதவில்லை என்று நாம் நினைக்கும்போது பெரும்பாலும் பொருத்தம்தான் போதவில்லை.

சதுரக் குழிக்கு அதே அளவு சதுரக் கட்டை வேண்டும். அரை அங்குலம் (12.7 மி.மீ.) என்றால் அவசரத்துக்கு சாக்கெட் செட்டின் கைப்பிடி முனையே உள்ளே போகும்.

உள் அறுகோணம்தான் சுவாரஸ்யம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் கியர் பாக்ஸ் பிளக்குக்கு 17 மி.மீ. ஆலன் கீ வேண்டும். பல சாதாரண செட்டுகள் 10 மி.மீ.-ஓடு முடிந்துவிடும். எம்10 போல்ட் ஒன்றை எடுங்கள். பழைய தர அளவில் அதன் தலை 17 மி.மீ., புதிய அளவில் 16, ஆகவே வெர்னியரில் அளந்தே எடுங்கள். அதில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, போல்ட் தலையைக் குழிக்குள் விட்டு, தலைக்குப் பக்கத்து நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் வேலை முடிந்தது. நட்டில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் இன்னும் உறுதி. இந்தக் கருவி காசில் வந்ததல்ல, பிளக்கை உற்றுப் பார்த்ததில் வந்தது.

அலுமினிய உடம்பில் இரும்புப் பிளக் இறுகியிருந்தால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். பிடி தளரும், ஆயிலும் நன்றாக இறங்கும்.

"நாம சூப்பர்வைசர் ஆகப் போறவங்க, ஸ்பேனர் பிடிக்கிறது ஹெல்பர் வேலைடா" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தவறான ஸ்பேனரை ஹெல்பர் எடுத்தால், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் யார்? அந்த சூப்பர்வைசர்தானே! சொல்லத் தெரியாவிட்டால் நஷ்டம் என் மாமாவைப் போன்ற வண்டிக்காரருக்கு.

டூல் வாங்கப் பணமில்லை என்ற பேச்சும் வரும். நான் கேட்பது புது டூல் அல்ல. வரும் ஆண்டு மாணவர் பேரவை துறைத்தலைவரைச் சந்தித்து ஒன்று கேட்கட்டும்: செய்முறைத் தேர்வில் ஸ்பேனரைக் கையில் கொடுக்காதீர்கள். தட்டில் எல்லாவற்றையும் கலந்து வைத்து, நாங்களே எடுக்கிறோமா பாருங்கள், அதற்குப் பாதி மார்க் போடுங்கள். பயிற்சிக்கு, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் ஐந்தாறு உடைந்த கியர் பாக்ஸ் கூடு வாங்கினால் போதும். பிளக் துருப்பிடித்து இறுகியதாகவே பார்த்து வாங்க வேண்டும்.