வைரஸ் எழுதச் சொல்லிக் கொடுத்தால் என்ன தப்பு?

2003-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் ஒரு புதுப் பாடத்தை அறிவித்தது. கடைசி வருட கணினி மாணவர்கள் லேபில் தாங்களே வைரஸ் எழுதிப் பார்த்து, அதை முறியடிக்கவும் கற்க வேண்டும். அவ்வளவுதான், ஆன்டிவைரஸ் கம்பெனிகள் குய்யோ முய்யோ என்று குதித்தன. இருக்கிற வைரஸ் போதாதா, பல்கலைக்கழகம் வேறு உற்பத்தி செய்ய வேண்டுமா என்றார்கள். வைரஸ் எழுதியவனுக்கு எங்களிடம் வேலை கிடையாது என்றுகூட பேச்சு வந்தது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கம்பெனி ஆட்கள் தினமும் பிரித்து மேய்வது எதை? வைரஸைத்தானே!

பேராசிரியர் ஜான் ஐகாக் ஒன்றும் விவரம் தெரியாமல் இறங்கவில்லை. லேபுக்கு வெளி நெட்வொர்க் தொடர்பு கிடையாது. உள்ளே போன டிஸ்க் வெளியே வராது. சட்டமும் நெறியும் பாடத்திலேயே இருந்தன.

தற்காப்பை மட்டும் போர்டில் எழுதிப் போட்டால் போதாதா என்பார்கள். போதாது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் மார்க் வாங்கிவிடலாம். அதே மாணவன் போன வாரம் தன் கையால் எழுதிய லாகின் பக்கத்தை பக்கத்து சீட்டுக்காரனிடம் கொடுத்துப் பாருங்கள். பெயர்ப் பெட்டியில் அட்மின் என்று அடித்து, ஒரு ஒற்றை மேற்கோள் குறி, இரண்டு சிறு கோடு. பாஸ்வேர்டைச் சோதிக்கும் மிச்ச வரி வெறும் கமென்ட்டாகிவிட, கதவு திறந்துகொள்கிறது! எழுதியவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கப்புறம் பயனர் தரும் எதையும் குவெரியோடு ஒட்டவே மாட்டான். தனி அளவுருவாகத்தான் அனுப்புவான். இதற்கென்றே வேண்டுமென்று ஓட்டைகளோடு செய்த வெப்கோட் போன்ற தளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வென்லியாங் டூ 2002-லேயே சீட் லேப்ஸ் பயிற்சிகளை ஆரம்பித்துவிட்டார். எல்லாம் மெய்நிகர் கணினிக்குள். உடைந்தால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

பையன்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஒருத்தன் இரண்டு பேர் வெளியே போய்க் கைவரிசை காட்டத்தான் செய்வார்கள். ஆனால் 1988-ல் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்த மோரிஸ் புழுவை எழுதிய கார்னெல் மாணவர் எந்த வைரஸ் வகுப்புக்குப் போனார்?

கால்கரி பணியவில்லை. பாடம் நடந்தது. ஐகாக் 2006-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதைக் குதித்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை :-)