மெமரி கார்டா, மேகச் சேமிப்பா? குடும்பப் படங்கள் யார் கையில் இருக்கின்றன?

"சேமிப்பு இடம் நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பைப் பார்க்காத வீடு இன்று நம்மிடையே குறைவு. பேரப்பிள்ளையைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கும் நேரம் பார்த்துத்தான் அது வந்து நிற்கும். அம்மா கைப்பேசியை மகனிடம் நீட்டுவார். "வேண்டாததை அழிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். வேண்டாதது எது, வேண்டியது எது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? போன ஆண்டுக் கோயில் திருவிழாவும், தினமும் காலையில் வரும் வணக்கப் பூக்களும் ஒரே வரிசையில்தான் கிடக்கின்றன.

இந்த அறிவிப்பு சில ஆண்டுகளாக அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2015இல் கூகல் தனது புகைப்படச் சேவையைத் தொடங்கியபோது, தரத்தைச் சற்றுக் குறைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. நம்மவர்கள் பலர் அதை நம்பிப் பழகிவிட்டார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது மின்னஞ்சல், ஆவணங்கள், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிகாபைட் மட்டுமே இலவசம். அடுத்து, 2024இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் புலனப் பதிவுகளும், அதாவது வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்பு நகலும், அதே 15 ஜிகாபைட்டுக்குள் கணக்கிடப்பட்டன. அதுவரை அதற்குத் தனி இடம் இருந்தது. ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போருக்கு இலவச இடம் 5 ஜிகாபைட்தான். 2011இல் கொடுத்த அளவு இன்றும் மாறவில்லை.

15 ஜிகாபைட் என்பது எவ்வளவு? ஐபோனில் சாதாரண முழு எச்.டி. தரத்தில் ஒரு நிமிடக் காணொளி ஏறக்குறைய 60 மெகாபைட். அதே கைப்பேசியில் 4கே தரத்தை, விநாடிக்கு 60 பிரேம் வேகத்தில் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 400 மெகாபைட் ஆகும். பத்துமலையில் தம்பி காவடி எடுக்கும்போது அண்ணன் அந்தத் தரத்தில் முக்கால் மணி நேரம் படம் பிடித்தால், ஆயுளுக்கும் கொடுக்கப்பட்ட இலவச இடம் அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். சின்னத் திரையில் பார்ப்பதற்கு அந்தத் தரம் தேவையே இல்லை. கேமரா அமைப்பில் அதைக் குறைத்து வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதும் இல்லை.

இடம் தீர்ந்தவுடன் எழும் கேள்விதான் மெமரி கார்டா, மேகமா என்பது. இரண்டு பக்கமும் வலுவாகப் பேசுகிறார்கள். கார்டு கட்சியினர் சொல்வதில் நியாயம் உண்டு: ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாத வாடகை இல்லை, இணையம் தேவையில்லை, பொருள் நம் சட்டைப்பையில் இருக்கிறது. தோட்டப்புறங்களில் இந்த வாதத்துக்குக் கூடுதல் பலம். செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு கோடு மட்டும் காட்டும் அலைவரிசையில் ஒரு ஜிகாபைட் காணொளியை மேலேற்றிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் அறுந்தால் சில வேளை மறுபடி முதலிலிருந்து.

ஆனால் கார்டு பற்றிப் பேசுவோர் மூன்று விஷயங்களைச் சொல்வதில்லை.

முதலாவது, அதைப் போட இடமே குறைந்து வருகிறது. ஐபோனில் அது என்றைக்கும் இருந்ததில்லை. சாம்சுங் 2021இல் வெளியிட்ட எஸ்21 வரிசையோடு தன் விலையுயர்ந்த கைப்பேசிகளில் கார்டு துளையை எடுத்துவிட்டது. குறைந்த விலைக் கைப்பேசிகள் சிலவற்றில்தான் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அப்பாவின் பழைய கைப்பேசிக் கார்டை மகளின் புதிய கைப்பேசியில் போட முடியாமல் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கிறோம். ஊசி டப்பாவுக்குள் நகம் அளவு கிடக்கும் அந்தப் பொருளை அடுத்த வீடு மாறும்போது யார் தேடப்போகிறார்கள்?

இரண்டாவது, போலி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் குறைவாக உள்ளவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. இணையச் சந்தையிலும் இரவுச் சந்தையிலும் ஒரு டெராபைட் என்று எழுதிய கார்டுகள் இருபது முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிகாபைட் சில்லு. ஆனால் கைப்பேசியிடம் "நான் ஒரு டெராபைட்" என்று பொய் சொல்லும்படி அதன் உள் நிரலை மாற்றியிருப்பார்கள். முதல் சில வாரம் எல்லாம் சரியாக இருக்கும். உண்மையான அளவு நிரம்பியதும் புதிய படங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும். திருமணம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஆல்பம் போடலாம் என்று திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்கள். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. வாங்கிய அன்றே கணினியில் கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன. எச்2டெஸ்ட்டபிள்யூ அவற்றில் பழையது. கணினி இல்லாதவர்கள் விலையைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்வது நல்லது. இப்போது விலை இன்னும் முக்கியம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருக்கிறது. அசல் விலை ஏறும்போது போலிக்குச் சந்தை பெருகும்.

மூன்றாவது, கார்டு போட்டுவிட்டால் எல்லாம் அதில் போய்ச் சேரும் என்ற எண்ணம். புலனத்தில் வரும் படங்களும் காணொளிகளும் கைப்பேசியின் உள் நினைவகத்தில்தான் விழுகின்றன. கார்டுக்குத் தானாகப் போவதில்லை. மருமகள் அனுப்பிய பேத்தியின் முதல் நடை கார்டில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக் கைப்பேசியைத் தொலைத்தவருக்கு, கார்டு கையில் கிடைத்தாலும் அந்தக் காணொளி கிடைக்காது. இன்னொரு பொறியும் உண்டு. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் கார்டைப் போட்டதும் அதை உள் நினைவகமாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டால், கார்டு அந்தக் கைப்பேசிக்கு மட்டுமே திறக்கும் பூட்டாகிவிடும். கைப்பேசி செத்தால் கார்டும் செத்தது போலத்தான்.

மேகச் சேமிப்பு இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தீர்க்கிறது. அதன் பலம் என்ன என்பதை 2021 டிசம்பர் வெள்ளம் காட்டிச் சென்றது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியபோது அலமாரி, ஆல்பம், மடிக்கணினி, இழுப்பறையில் இருந்த கார்டு எல்லாம் ஒரே தண்ணீரில்தான் கிடந்தன. வீட்டுக்குள் எத்தனை நகல் வைத்தாலும் வெள்ளத்துக்கு அவை ஒரே நகல். வேறு இடத்தில் இருக்கும் நகல் மட்டுமே அங்கே உதவும்.

அந்த வேறு இடம் வானத்தில் இல்லை. மேகம் என்பது யாரோ ஒருவருடைய கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகள்தான். அதில் நமக்கு மட்டும் உறைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கூகல் 2024 மே மாதம் அறிவித்த 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டின் தரவு மையம் சிலாங்கூரின் எல்மினா தொழிற்பூங்காவில் அமைகிறது. எல்மினா என்பது தோட்டத்தின் பெயர். ஜொகூர் குலாயில் ஒய்டிஎல் குழுமம் தரவு மையப் பூங்கா எழுப்பியிருக்கும் நிலம், குலாய் யங் தோட்டம். நம் படங்கள் அங்கேதான் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நிறுவனங்கள் அவற்றை எந்த நாட்டிலும் வைக்கலாம். ஆனாலும் லயங்கள் நின்ற மண்ணில் இன்று உலகத்தின் படங்கள் குளிரூட்டிய அறையில் இருக்க, அந்த லயத்தில் பிறந்தவர்களின் படங்கள் இழுப்பறையில் கிடக்கின்றன.

இது வெறும் உணர்ச்சிக் கணக்கு அல்ல. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது கோயில் இடம் மாறியது, தமிழ்ப்பள்ளி இடம் மாறியது, சனங்கள் பத்து ஊருக்குப் பிரிந்தார்கள். பழைய தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு அரசு ஆவணக்காப்பகத்தில் தேடினால் நிர்வாகியின் பங்களா கிடைக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் தீமிதி கிடைக்காது. அது யாரோ ஒரு மாமாவின் கைப்பேசியில் இருக்கிறது. அதே கைப்பேசியில் சம்பளச் சீட்டு, சொக்சோ கடிதம், வீட்டுக்கு மனுப் போட்ட பாரம் ஆகியவற்றின் படங்களும் இருக்கின்றன. காகிதம் தொலைந்த பல குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே சான்று அந்தப் படம்தான்.

அப்படியானால் எல்லாரும் மாதம் கட்டி மேகத்துக்குப் போய்விடலாமா? கூகலின் 100 ஜிகாபைட் திட்டம் மாதம் பத்து ரிங்கிட்டுக்குள்தான். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு இங்கே 2020 முதல் வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. தொகை பெரிதில்லை. ஆனால் இது வாடகை, சொத்து அல்ல. படம் குறைவதில்லை, கூடத்தான் செய்யும். 100 ஒருநாள் போதாமல் 200க்குப் போக வேண்டிவரும். கட்டுவதை நிறுத்தி, அளவுக்கு மீறிய நிலையில் இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் படங்களை நீக்க கூகலின் விதிமுறை இடம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்குகளையும் 2023 டிசம்பரிலிருந்து அது நீக்கத் தொடங்கியது.

மேகத்தில் அதிகம் பேர் தவறி விழும் இடம் வேறு. அது பெட்டகம் அல்ல, கண்ணாடி போன்றது. ஐகிளவுட் புகைப்படங்களில் கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் அழியும். கூகலிலும் புகைப்படச் செயலிக்குள் அழித்தால் அதே கதைதான். குப்பைத்தொட்டியில் ஐகிளவுட் 30 நாளும், கூகல் மேலேற்றப்பட்ட படங்களை 60 நாளும் வைத்திருக்கும். இடம் பண்ணுவதற்காக "மேலே இருக்கிறதே" என்று கைப்பேசியில் அழிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே அழிக்கிறார்கள். கூகல் செயலியில் இதற்கென்றே 'இடத்தை விடுவி' என்று தனிப் பொத்தான் உண்டு. அது மேலே சென்று சேர்ந்த படத்தைக் கைப்பேசியிலிருந்து மட்டும் எடுக்கும். நேராக அழிப்பதும் அதுவும் ஒன்றல்ல.

அதைவிடப் பெரிய கேள்வி, கணக்கு யார் பேரில் இருக்கிறது என்பது. கைப்பேசி வாங்கிய கடையில் கடைக்காரத் தம்பியே ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது, சீட்டு போய்விட்டது. கைப்பேசி உடையும்வரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. உடைந்த பிறகு மீட்புக் குறியீடு எந்த எண்ணுக்குப் போகும்? மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்ட பிரிபெய்ட் எண்ணுக்கு. காலாவதியான எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. குடும்பம்தான் வெளியே நிற்கிறது.

குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால் இது இன்னும் கடினம். கடைசியாகப் பேசிய குரல், கடைசித் தீபாவளிப் படம் எல்லாம் அவர் விரல்ரேகைக்குப் பின்னால் அடைபட்டுவிடும். இதற்கு ஏற்பாடு இருக்கிறது, செய்பவர்தான் குறைவு. கூகல் கணக்கில், குறிப்பிட்ட மாதங்கள் பயன்பாடு இல்லாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று உயிரோடு இருக்கும்போதே பதிவுசெய்து வைக்கலாம். ஆப்பிளில் 2021 டிசம்பர் முதல் மரபுத் தொடர்பாளர் என ஒருவரை நியமிக்க முடியும்.

கார்டா மேகமா என்ற சண்டையில் இரு தரப்பும் ஒரே நகலைப் பற்றித்தான் பேசுகின்றன. ஒரே நகல் எங்கே இருந்தாலும் அது போகக்கூடியதுதான். எல்லாவற்றையும் மேகத்தில் வைக்கவும் வேண்டியதில்லை. தெரிந்தெடுத்த ஐந்நூறு படம், முக்கியக் கடிதங்கள், தாத்தா பாட்டி பேசும் சில காணொளிகள் இவ்வளவும் இலவச 15 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். தைப்பூச, திருமண நீளக் காணொளிகள் பெயர் பெற்ற நிறுவனத்தின் வெளிவட்டில் போகட்டும். அதுவும் எழுதிய வீட்டிலேயே இல்லாமல் அக்கா வீட்டில் இருந்தால் நல்லது. கார்டு, இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் இடம் கொடுக்கும் பை. அதற்குமேல் அதை நம்ப முடியாது. மின்னூட்டமாகப் பதிந்த தகவல் பல ஆண்டு சும்மா கிடந்தால் கசிந்தும் போகும்.

பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் தீபாவளிக்கு வரும் இரண்டு நாளில், முறுக்கு சாப்பிட்டபடியே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்த வேலை முடியும். அம்மா அப்பா கைப்பேசியின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். மீட்பு எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, இல்லாவிட்டால் மகள் எண்ணை அதில் போட வேண்டும். அதுவரை அப்பாவின் பழைய பிரிபெய்ட் எண்ணுக்கு டாப் அப் செய்வதை நிறுத்த வேண்டாம். குறியீடு இன்னும் அந்த எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது.